தாலுகா ஆஸ்பத்திரியில் வெயில் வார்டு: இரண்டு கட்டிலும் ஏசியும் போதுமா?

#1 வட்டாரம்07

மாசி முடிந்ததும் ஊருக்கு ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் ஓர் அறை வாசலில் "வெப்ப அலை சிகிச்சைப் பிரிவு" என்று பிளெக்ஸ் ஏறிவிடுகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கட்டில், ஓர் ஏசி, ஒரு பெட்டி ஓஆர்எஸ். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. இனியும் இது சம்பிரதாயத்துக்குத் திறக்கிற அறையாக இருக்கக் கூடாது.

30 படுக்கை உள்ள ஒரு தாலுகா ஆஸ்பத்திரியை மனதில் வைத்துப் பேசுவோம். இரவுப் பணியில் ஒரு டாக்டர், இரண்டு சிஸ்டர். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரம். ஏசிக்கு எப்படியாவது நிதி கிடைத்துவிடும். வேறு எதைக் கேட்டு எழுதுவது என்பதுதான் கேள்வி. "பருவநிலை மாற்றம் மனிதகுலத்துக்கே சவால்" வகைப் பதில்கள் வேண்டாம், அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

#2 அவசரப்பிரிவு

முதலில் ஏசியைப் பற்றி. அறையை 24 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும் 42 டிகிரி உடம்புச் சூட்டோடு வருகிறவரை அது காப்பாற்றாது. காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் எடுக்கும். உடம்பில் தண்ணீர் பட வேண்டும்.

ஹீட் ஸ்ட்ரோக் என்றால் இரண்டு விஷயம் சேர்ந்திருக்க வேண்டும்: உள்சூடு 40 டிகிரிக்கு மேல், கூடவே மூளை தடுமாற்றம் (குழப்பமான பேச்சு, பிதற்றல், வலிப்பு, மயக்கம்). தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பழைய பாடத்தில் படித்ததை மறந்துவிடுங்கள். வேலை செய்துகொண்டே விழுந்தவர்கள் வியர்வையில் குளித்தபடிதான் வருவார்கள். வீட்டுக்குள் இரண்டு மூன்று நாள் வெந்து கிடந்த வயதானவர்களுக்குத்தான் தோல் வறண்டிருக்கும்.

சூட்டை எங்கே அளக்கிறீர்கள் என்பதில்தான் பாதி கேஸ் தவறிப்போகிறது. நெற்றிக்குக் காட்டும் துப்பாக்கி தெர்மாமீட்டர் வியர்வைத் தோலில் 37.5 காட்டும், உள்ளே 41.5 இருக்கும். அக்குளும் நம்பத் தகுந்ததல்ல. ஆசனவாய் வழியாக 10 முதல் 15 செ.மீ. உள்ளே போகும் வளையக்கூடிய புரோப் (சூட்டை அளக்கும் மெல்லிய கம்பி), அதற்கு ஒரு மானிட்டர். இதுதான் உங்கள் முதல் கொள்முதல். கண்ணாடித் தெர்மாமீட்டரை வலிப்பு வருகிறவருக்கு வைக்காதீர்கள். அது 42-க்கு மேல் காட்டவும் காட்டாது.

அடுத்து குளிர்விப்பது. 30 நிமிடத்துக்குள் 39-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். எந்த முறை எவ்வளவு வேகம் என்பதைத் தோராயமாகச் சொல்கிறேன்:

ஐஸ் தண்ணீரில் உடம்பை அமிழ்த்தினால் நிமிடத்துக்கு 0.2 டிகிரி, சில நேரம் அதற்கும் மேல். 42-லிருந்து 39-க்கு வர கால் மணி நேரம். உடம்பை நனைத்து பேன் அடித்தால் 0.05, அதாவது ஒரு மணி நேரம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் மட்டும் ஐஸ் பேக் வைத்தால் 0.03 அளவுக்குத்தான் வரும். நம் ஆஸ்பத்திரிகளில் அதிகம் நடப்பது இந்தக் கடைசி முறைதான். பார்க்க சிகிச்சை மாதிரி இருக்கும்.

தொட்டி வேண்டியதில்லை. கெட்டியான தார்ப்பாய் ஒன்று, 10க்கு 8 அடி. நோயாளியை நடுவில் கிடத்தி, நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. 80 முதல் 150 லிட்டர் தண்ணீர், ஐஸ். ஒருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காமல் விட்டால் தோலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான படலம் நின்றுவிடும், குளிர்ச்சி உள்ளே போகாது. 2021 ஜூனில் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வெயில் கொளுத்தியபோது பிணப்பையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி நோயாளியைப் போட்டு ஜிப்பை நெஞ்சுவரை இழுத்துச் சிகிச்சை செய்தார்கள். பீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறை 2024 முதல் ஆம்புலன்சிலேயே ஐஸ் பை வைத்திருக்கிறது.

39 தொட்டதும் நிறுத்திவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் சூடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 37 வரை தண்ணீரில் வைத்திருந்தால் பிறகு போர்வை தேட வேண்டி வரும்.

பாராசிட்டமால் போடாதீர்கள், ஊசியும் வேண்டாம். காய்ச்சலில் மூளையே சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதை இறக்கும். இங்கே அந்த அளவு மாறவில்லை, வெளியேற வழியில்லாமல் வெப்பம் சேர்ந்திருக்கிறது. மருந்துக்கு வேலையே இல்லை. ஏற்கெனவே அடி வாங்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

நடுக்கம் வந்தால் அதை அடக்க மிடசோலம் என்ற மயக்க மருந்து 1-2 மி.கி. ரத்தக்குழாயில். வலிப்புக்கும் அதே வகை மருந்து. குளுகோஸை வாசலிலேயே பாருங்கள். சலைன் இளைஞருக்குத் தாராளமாக (கிலோவுக்கு 20 மி.லி. வரை), வயதானவருக்கும் இதய நோயாளிக்கும் 250 மி.லி. கொடுத்து நெஞ்சைக் கேட்டுவிட்டு அடுத்த 250.

இன்னொன்று: வயலில் மயங்கி விழுந்தவர் எல்லாம் வெயிலால் விழுந்தவர் அல்ல. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரையும் வியர்வையுமாக இருந்தால் பூச்சிமருந்து. கண்மணி விரிந்து, தோல் சுட்டுக் காய்ந்து, பிதற்றினால் ஊமத்தையையும் நினையுங்கள். மூளைக்காய்ச்சலும் மலேரியாவும் இருக்கவே இருக்கின்றன. ஆனால் எதுவாக இருந்தாலும் 41-க்கு மேல் போன உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே யோசியுங்கள்.

#3 வார்டு_சிஸ்டர்

டாக்டர் சொன்னதில் ஆள் கணக்கு இடிக்கிறது. நாலு பேர் பிடிக்க, ஒருவர் கலக்க, ஒருவர் தலைமாட்டில். இரவில் இருப்பது மூன்று பேர். உறவினர்களைக் கையுறை போட்டுப் பிடிக்கச் சொல்லலாம். அதைவிட ஸ்ட்ரெச்சரின் இரண்டு பக்கத் தடுப்பையும் ஏற்றி, தார்ப்பாயை அதன் மேல் மடித்துப் போட்டு கிளிப் மாட்டினால் இரண்டு பேரே போதும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. நோயாளி எடையும் சேர்ந்தால் சாதாரண ஸ்ட்ரெச்சர் தாங்குமா என்று முன்னாடியே மணல்மூட்டை வைத்துப் பார்த்துவிட வேண்டும். தாங்காது என்றால் தரையிலேயே.

நினைவில்லாதவருக்கு ஒரு போர்வையை மார்புக் குறுக்காக அக்குளுக்கு அடியில் விட்டு, இரண்டு நுனியையும் தலைமாட்டில் நிற்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முகம் தண்ணீருக்குள் சரியாமல் இருக்க அதுதான் பிடிமானம். சக்சன் (வாயில் சேரும் நீரை உறிஞ்சும் கருவி) கைக்கு எட்டும் இடத்தில். இசிஜி வயரும் ஐவி ஊசியும் ஈரத்தில் பிளாஸ்டர் பிடிக்காமல் கழன்றுவிடும், சுற்றுத்துணி போட்டுக் கட்டுங்கள். ஷாக் கொடுக்க வேண்டி வந்தால் முதலில் தண்ணீரிலிருந்து எடுத்து நெஞ்சைத் துடைக்க வேண்டும். இதை எழுதி சுவரில் ஒட்டவே செய்யலாம், அவசரத்தில் மறந்துபோகும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்தக் குழாயைத் திறந்தால் கை சுடும். அதை நோயாளி மேல் ஊற்றிப் பயனில்லை. வெயில் அறைக்குத் தனியாக தரைக்கு அடியில் உள்ள சம்ப்பிலிருந்து நேராக ஒரு சின்ன மோட்டார் லைன் வேண்டும். தரைச் சரிவும் வடிகாலும் இல்லாத அறையில் இதைச் செய்தால் அடுத்த வார்டுக்குள் தண்ணீர் போகும், வழுக்கி விழுவது நாமாகத்தான் இருக்கும்.

#4 கணக்கர்_பிசிக்ஸ்

ஐஸ் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். 60 கிலோ உடம்பை 42-லிருந்து 39-க்கு இறக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 625 கிலோஜூல். 1.9 கிலோ ஐஸ் உருகினாலே அது போய்விடும். கால் லிட்டர் தண்ணீர் தோலில் ஆவியானாலும் அதே அளவுதான். கேட்க ரொம்பக் கொஞ்சமாகத் தெரிகிறது. சிக்கல் அளவில் இல்லை, அந்த வெப்பம் எவ்வளவு சீக்கிரம் தோலைத் தாண்டி வருகிறது என்பதில்தான்.

150 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர 33 கிலோ ஐஸ் வேண்டும். வார்டு பிரிட்ஜின் பிரீசர் அதற்கு ஆகாது. 80 லிட்டர், 15 டிகிரி என்று இறங்கி வந்தால் 13 கிலோ போதும்.

#5 அவசரப்பிரிவு

15 டிகிரி தாராளமாகப் போதும். ஐஸே இல்லாவிட்டாலும் 26 டிகிரி சம்ப் தண்ணீரில் அமிழ்த்திக் கலக்குவது, ஐஸ் பேக்கை அக்குளில் சொருகிவிட்டுக் காத்திருப்பதைவிட எத்தனையோ மேல். ஐஸ் வரட்டும் என்று நிற்க வேண்டாம்.

#6 நெடுஞ்சாலை

எல்லாம் சரி. ஆனால் ஐசியூ இல்லாத இடத்தில் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவைத்து, நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? 108-ல் ஏற்றி மேல் சிகிச்சைக்கு அனுப்புவதுதானே பாதுகாப்பு?

#7 அவசரப்பிரிவு

யாருக்குப் பாதுகாப்பு, அண்ணே? 42 டிகிரியில் ஒரு மணி நேரம் வண்டியில் போனால் மூளை, கல்லீரல், சிறுநீரகம் மூன்றும் அந்த ஒரு மணி நேரமும் வெந்துகொண்டிருக்கும். எத்தனை டிகிரி ஏறியது என்பதைவிட எத்தனை நிமிடம் 40-க்கு மேல் நின்றது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. முதலில் குளிர்வித்து, பிறகு அனுப்புங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டிய நிலை என்றால் அதையும் குளிர்விப்பதையும் சேர்த்துச் செய்யலாம்.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஐஸ் தண்ணீர்ப் பெட்டியில் 8 துவாலை ஊறப்போட்டுக் கொடுத்துவிடுங்கள். நாலு உடம்பின் மேல், நாலு பெட்டியில், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அனுப்பும் கடிதத்தில் வந்தபோது இருந்த ஆசனவாய்ச் சூடு, 39 தொட்ட நேரம், சிறுநீரின் நிறம் மூன்றையும் எழுதுங்கள். கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். கல்லீரல் என்சைம் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், 48 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சம் போகும். "நினைவு வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று மறுநாள் காலை அனுப்பிவிடக் கூடாது.

#8 மழைமானி

எந்த நாளில் உஷாராக இருப்பது என்பதற்கு வானிலை மையத்தின் அறிவிப்பை மட்டும் நம்பினால் கடலோரம் ஏமாறும். சமவெளியில் 40 டிகிரி தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை. கடலோரத்துக்கு 37 டிகிரியும் அதே 4.5 விலகலும். இரண்டிலும் ஈரப்பதம் கணக்கில் இல்லை.

வேலூரில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை (வியர்வை ஆவியாகி எவ்வளவு தூரம் குளிர முடியும் என்று காட்டும் அளவு) 23.5 வரும். சென்னையில் 36 டிகிரி, 60 சதவீதம் என்றால் 29. செய்தியில் சிவப்பாகக் காட்டுவது வேலூரை. வியர்வை ஆறாமல் தவிப்பது சென்னைக்காரர். 35 ஈரக்குமிழ்தான் மனிதனின் எல்லை என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்ததில் புழுக்கமான சூழலில் 31 சுற்றிலேயே உள்சூடு கட்டுப்பாட்டை மீறத் தொடங்கியது. முதியவர்களுக்கு அதற்கும் கீழே.

இன்னொரு அளவு இரவு வெப்பம். பகல் முழுக்கச் சூடு வாங்கிய உடம்பு இரவில்தான் ஆறுகிறது. மூன்று இரவு தொடர்ந்து ஆறவில்லை என்றால் நாலாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 ஜூன் கடைசி வாரத்தில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 சதவீதம் வீடு போன்ற கூரைக்கு அடியில்தான் இறந்தார்கள். நம்மூரில் "வெயிலில் போகாதே, வீட்டிலேயே இரு" என்று முதியவர்களுக்குச் சொல்கிறோம். அந்த வீடு தகரக் கூரையா, ஆஸ்பெஸ்டாஸா என்று கேட்பதில்லை.

#9 நெடுஞ்சாலை

பேன் போட்டால் சரியாகிவிடுமே.

#10 மழைமானி

காற்று 40-க்கு மேல் இருந்து, உடம்பும் காய்ந்திருந்தால் பேன் சுடுகாற்றைத்தான் மேலே வீசும். வேலூர், திருத்தணி மதியத்தில் முதியவருக்கு வெறும் பேன் ஆபத்து. சட்டையை நனைத்துக்கொண்டு, அல்லது கை காலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பேன் போட்டால் வறண்ட ஊரில் நன்றாகவே வேலை செய்யும். கடலோரத்தில் 36-37 டிகிரி வரை பேன் உதவும்.

#11 மருந்துச்சீட்டு

யாரும் தொடாத பகுதி: நாமே மாதாமாதம் கொடுக்கும் மாத்திரைகள். பல வெயில் கேஸ்களுக்குப் பின்னால் ஒரு மருந்துச் சீட்டு இருக்கும்.

நீர் மாத்திரை (பியூரோசமைடு, தையசைடு) ஏற்கெனவே வறண்டவரை இன்னும் வறட்டும். பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுப்பது) இதயத்தை வேகமெடுக்க விடாது, அதனால் தோலுக்குப் போகும் ரத்தம் குறையும். மனநல மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் வியர்வையையே நிறுத்தும். லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுபவருக்கு உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு எகிறும். கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் "வெயில் மயக்கம்" என்று விட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன பிரிட்டிஷ் கொலம்பியா வெயிலில் மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சாவு ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. மனநல ஓபியில் மார்ச் மாதமே அந்தப் பட்டியலை எடுத்து, கிராமச் செவிலியர் கையில் கொடுத்தால் வெப்ப அலை நாளில் கதவைத் தட்ட யார் யார் வீடு என்று தெரியும். மாத்திரையை அவர்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் அளவைக் குறைக்கலாம். இதயம் பலவீனமானவர்கள் தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்சுலின். பயன்பாட்டில் இருக்கும் குப்பி 25-30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். ஓட்டு வீட்டில் மே மாத அலமாரி 38 காட்டும். மண்பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் போடும் முறை உள்மாவட்டங்களில் நன்றாக வேலை செய்கிறது, கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. பிரிட்ஜ் உள்ளவர்கள் பிரீசர் தகட்டை ஒட்டி வைத்து உறைய விடுகிறார்கள். உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சூடான தோலில் ஊசி சீக்கிரம் உறிஞ்சப்பட்டு லோ சுகர் ஆகும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். சுகர் ஸ்ட்ரிப் டப்பாவை வண்டிப் பெட்டியில் வைத்தால் தப்பான அளவு காட்டும்.

ஆக்சிடோசின் (பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி) 2-8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. பிரசவ அறை மேசையில் வாரக்கணக்கில் சூட்டில் கிடந்த ஆம்பூல் வீரியம் இழந்திருக்கலாம், பார்த்தால் தெரியாது. ரத்தப்போக்கு நிற்காதபோதுதான் தெரியும். ஷிப்டுக்குத் தேவையானதை மட்டும் ஐஸ் பேக் வைத்த கேரியரில் எடுத்து வையுங்கள்.

ஓஆர்எஸ் விஷயத்தில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத இனிப்பு டெட்ரா பாக்கெட்டுகள் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. சரியான பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் அன்றாடத்துக்குத் தாராளம். சிறுநீரக நோயாளிக்கு இளநீர் மட்டும் வேண்டாம், பொட்டாசியம் ஏறும்.

#12 குளிர்ச்சங்கிலி

மருந்துச்சீட்டு அண்ணன் தொட்டதால் தொடர்கிறேன். தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் பெட்டிகள் (சுவரில் ஐஸ் கொண்ட பிரிட்ஜ்) 43 டிகிரி வெளிச்சூட்டில் கரண்ட் இல்லாமல் 20 மணி நேரமாவது 10 டிகிரியைத் தாண்டாமல் தாங்கும்படி சோதிக்கப்பட்டவை. அந்தச் சோதனை மூடியைத் திறக்காமல் செய்தது. சுவரை ஒட்டி நிறுத்தி, மூடி ரப்பர் வெடித்து, மணிக்கு நாலு முறை திறந்தால் அந்த 20 மணி நேரம் வெகுவாகக் குறையும். சுவரிலிருந்து 10 செ.மீ. இடைவெளி, ஜன்னல் வெயில் படாத மூலை, ஸ்டெபிலைசர், கண்டென்சர் தூசி மாதம் ஒருமுறை. தண்ணீர் பாட்டிலும் மதியச் சாப்பாடும் உள்ளே வைக்கிற ஊர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இழை போதாது.

கோடையில் கெடும் என்று பயந்து தெர்மோஸ்டாட்டைத் திருகி அதிகக் குளிருக்கு வைப்பது இன்னொரு தொல்லை. இரவில் சூடு இறங்கியதும் உள்ளே மைனஸ் போய், பென்டாவேலன்ட்டும் ஹெபடைடிஸ் பி-யும் உறைந்துவிடும். குப்பியில் உள்ள விவிஎம் சதுரம் (சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம்) சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனைதான்.

கரண்ட். எல்லா ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும் மதியம் மூன்று மணிக்கு வோல்டேஜ் 180-க்கு இறங்கும். இன்வெர்ட்டர் பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுளில் பாதியை இழக்கும். மாடிப்படி அடியில் காற்றில்லாத பொந்தில் வைத்துவிட்டு இரண்டாம் வருடமே பேட்டரி போச்சு என்று அழுவதில் அர்த்தமில்லை. கோடையில் மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர். ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்த்தால் போதாது, லோடு கொடுத்து அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். அதைத் தரைமட்டத்துக்குக் கீழே வைக்காதீர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் ஐசியூ என்ன ஆகும் என்று பார்த்தோம். வெயிலுக்குக் கட்டுவதை மழைக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் 40 டிகிரி வரைக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. தகரக் கூரை வராந்தாவில் ஓடினால் ஆக்சிஜன் அளவு 82 சதவீதத்துக்குக் கீழே போய் மஞ்சள் விளக்கு எரியும். சுற்றிலும் ஒரு அடி இடம், வாரம் ஒருமுறை பில்டர் கழுவுதல்.

பணக்கார ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை. 2022 ஜூலை 19, இங்கிலாந்தில் முதல்முறையாக 40 டிகிரி தாண்டிய நாளில் லண்டன் கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் சர்வர் அறைகள் இரண்டும் சூட்டில் நின்றுபோயின. டாக்டர்கள் பேப்பருக்குத் திரும்பினார்கள். நம் தாலுகா ஆஸ்பத்திரியில் பேப்பர் இன்னும் இருக்கிறது என்பது இந்த ஒரு விஷயத்தில் லாபம்.

#13 உப்பளம்

வார்டுக்கு வந்த பிறகு என்ன என்பதிலேயே பேச்சு நிற்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளத்தில் தரையிலிருந்து வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் பெரும்பாலானோர் பாதுகாப்பு வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்தார்கள், சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. கர்ப்பிணிகளிடம் அதே நிறுவனம் செய்த ஆய்வில், வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு சுமார் இரு மடங்கு. ஹீட் ஸ்ட்ரோக் வராமலேயே நடக்கும் சேதம் இது. பிளெக்ஸ் தொங்கும் அறைக்கு இவர்கள் வரவே மாட்டார்கள். பத்து வருடம் கழித்து நேராக டயாலிசிஸ் வரிசைக்குப் போவார்கள்.

"தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று பெண் தொழிலாளிகளிடம் சொல்லும் ஒவ்வொரு முகாமும் அங்கே கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் காலை ஐந்து மணிக்குப் பிறகு அவர்கள் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். நீர்க்கடுப்பு, பிறகு வலிக்கு டைக்ளோபினாக், வறண்ட சிறுநீரகத்தின் மேல் டைக்ளோபினாக். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை எந்த சப்-சென்டர் பதிவேட்டிலும் பார்க்கலாம்.

செய்யக்கூடியது: 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் (250 மி.லி.), மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டாமல். தாண்டினால் சோடியம் இறங்கி அதுவே வலிப்பாகும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, தினம் ஒரு பங்காக ஏற்ற வேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். விடுப்பு முடிந்து திரும்பியவரும் புதியவர் மாதிரிதான். பாதியில் தொடங்கி நாலு நாளில் முழுசாக்கலாம். கட்டட வேலையில் வடமாநிலத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய மறுநாளே கான்கிரீட் போட நிறுத்துகிறார்கள். ஆபத்து அதிகம் உள்ள வாரம் அதுதான்.

#14 கொத்தனார்_இன்ஜி

கட்டடத்துக்கு வருவோம். அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி தொட்டது. அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். 2013-ல் தெற்காசியாவின் முதல் வெப்ப செயல்திட்டம் அங்கே வந்தது அதனால்தான். அதில் எனக்குப் பிடித்தது ஒரு சாதாரண விஷயம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டு மேல்மாடியில், நேராகக் கறுத்த மொட்டை மாடிக்கு அடியில் இருந்தது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள், வெயிலால் குழந்தைகளுக்கு வந்த பாதிப்பு கணிசமாகக் குறைந்தது. செலவு கட்டில் தூக்கும் கூலி.

ஆக, ஏசி விண்ணப்பத்துக்கு முன் எந்த வார்டு எந்த மாடியில் இருக்கிறது என்று பாருங்கள். மேல்தளத்தை அலுவலகத்துக்கும் ரெக்கார்டு அறைக்கும் கொடுங்கள். மருந்துக் கிடங்கும் கீழே. மேற்குச் சுவரை ஒட்டி முதியோர் கட்டில் வேண்டாம்.

மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் அடியில் உள்ள அறையில் 2 முதல் 5 டிகிரி குறையும், கூரை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பலன். சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு போதும், ஆனால் வடகிழக்கு மழையில் பாசி படிந்து கறுத்துவிடும். பிப்ரவரி கடைசியில் ஒவ்வொரு வருடமும் தேய்த்து மறுபூச்சு. அந்தச் செலவை ஆண்டு பராமரிப்பில் எழுதாவிட்டால் முதல் வருடப் போட்டோவோடு திட்டம் முடிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் காய்ந்தபடி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், நார் பறக்கும்.

#15 பதிவேடு

சிகிச்சை நன்றாக நடந்தாலும் நோயாளி இறந்துவிட்டால் சான்றிதழில் "மாரடைப்பு" என்றுதான் எழுதப்படுகிறது. குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்காததும், அரசுக் கணக்கில் வெயில் சாவே இல்லாததும் இந்த ஒரு வரியால்தான்.

இறப்புக் காரணச் சான்றிதழான படிவம் 4-ல் முதல் பகுதியின் கடைசி வரி, அதாவது எல்லாவற்றையும் தொடங்கிவைத்த காரணம், அங்கே ஹீட் ஸ்ட்ரோக் வர வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இரண்டாம் பகுதிக்கு. இதைத் தைரியமாக எழுத ஆதாரம் வேண்டும்: வந்த நேரத்து உள்சூடு (அவசரப்பிரிவு சொன்ன புரோப் இங்கேயும் உதவும்), விழுந்த இடம், நேரம், அன்றைய வெப்பநிலை, வேலை, கூரை வகை, கடைசியாக நல்ல நினைவோடு பார்த்தது யார், எப்போது. வீட்டில் இறந்து கொண்டுவந்தால் உடம்பு ஆறிவிட்டிருக்கும், சூழ்நிலை விவரம்தான் ஆதாரம். பிரேதப் பரிசோதனையில் ஹீட் ஸ்ட்ரோக்குக்கென்று தனி அடையாளம் எதுவும் கிடைக்காது. மற்ற காரணம் இல்லை என்றுதான் சொல்ல முடியும். இந்த எட்டு விவரங்களையும் ஒரே தாளில் அச்சடித்து கேஸ் ஷீட்டோடு பின் செய்துவையுங்கள்.

மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தினசரி வெப்பநோய்ப் பதிவை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பூஜ்யம் என்றாலும் ஏற்றுங்கள். நூறு நாள் தொடர்ந்து பூஜ்யம் ஏற்றும் ஆஸ்பத்திரியில் நோயாளி இல்லை என்று அர்த்தமல்ல, புரோப் இல்லை என்று அர்த்தம்.

#16 வட்டாரம்07

எல்லோருக்கும் நன்றி. ஏசியை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு புரோப் இரண்டு, தார்ப்பாய் இரண்டு, சம்ப் லைன், வடிகால், 80 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்று என்று எழுதுகிறோம். ஒரே சந்தேகம்: ஐஸை எப்படி வாங்கிக் கணக்கு காட்டுவது? ஸ்டாக் ரிஜிஸ்டரில் உருகிப் போகும் பொருளுக்கு ஆடிட்டில் கேள்வி வரும்.

#17 ஸ்டோர்கீப்பர்

பொருளாக வாங்காதீர்கள், சேவையாக வாங்குங்கள். பக்கத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் கம்பெனி இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை தினமும் மதியம் 12-க்குள் உடைத்த ஐஸ் 20 கிலோ, கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் இன்னும் 50 கிலோ என்று மூன்று விலைப்புள்ளி வாங்கி மாத ஒப்பந்தம் போடுங்கள். நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் பிப்ரவரியிலேயே தீர்மானம் எழுதிவிட்டால் பில் மாதம் ஒன்று, டெலிவரி சலானில் சிஸ்டர் கையெழுத்து. ரிஜிஸ்டரில் இருப்பு காட்ட வேண்டியதே இல்லை. மீன் ஐஸ் குடிக்க லாயக்கில்லாதது, பெட்டி மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மே மாதம் யாராவது அதைச் சர்பத்தில் போட்டு, பக்கத்து வார்டில் வயிற்றுப்போக்கு கேஸ் சேரும்.